கியர் பாக்ஸ் யார் பங்கு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதிலும் பாதி நாள் தறிக்கு நூல் சுற்றப் போய்விட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஞாபகமும் சரியில்லை. மளிகைக் கடைக்குப் போய் எதற்கு வந்தேன் என்று கடைக்காரரையே கேட்கிற நிலைமையில் இருக்கிறேன். அதனால் நான் சொல்வதில் முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் வரலாம்.

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற உங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி என்னைக் கேட்டது கவிதா. கவிதா எங்கள் மேஸ்திரியின் மகள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காடு ரோட்டு ஓரத்தில் மேஸ்திரி வைத்திருந்த பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். நான் அங்கே இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன்.

"எனக்கென்ன தெரியும் கண்ணு? நானு சாமான் கழுவுனவ" என்றேன்.

"கழுவுனதையே எழுதுங்க பெரிம்மா. ஓட்டுனதை எல்லாரும் எழுதியாச்சு."

அவள் வேறொரு காரணமும் சொன்னாள். இப்போது இஞ்சினை வண்டியில் பிடித்து வைக்கிற தட்டுகளைக் கம்ப்யூட்டரே வெட்டிக் கொடுத்துவிடுகிறதாம். போன வாரம் அப்படி வெட்டி வந்த தட்டு ஒன்று பொருந்தவில்லை. எந்த இடத்தில் இடிக்கிறது என்று கண்டுபிடிக்க என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சரியாகத்தான் வெட்டியிருந்தது. வண்டிதான் கோணல். பழைய வண்டி எதுவும் நேராக இருக்காது என்று கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கம்பெனிப் பேர் எதையும் எழுத வேண்டாம் என்று கவிதா சொல்லியிருக்கிறாள். எனவே எழுதவில்லை. உங்கள் வண்டிகளெல்லாம் அசல் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பதைக் கெடுக்கவும் எனக்கு எண்ணமில்லை. ஆனால் எங்கள் பட்டறையிலிருந்து வாங்கியவர்கள் மட்டும் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து படிப்பது நல்லது.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. தறிப் பட்டறையை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் லாரியில் போனால் மாதம் கழித்து வருவார். பட்டறையில் சாமான் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். முதல் நாள் ஒரு இஞ்சினைப் பிரித்து முறத்தில் கொட்டி, மண்ணெண்ணெய்ச் சட்டியை முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்துப் பெரியது சிறியதாக வரிசைப்படுத்தி வைத்தேன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பெரியது சிறியதாக வைக்கக் கூடாதாம். கழற்றிய வரிசையில் வைக்க வேண்டுமாம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்த இஞ்சினை மறுபடி பூட்ட நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து எது எங்கே போகிறது என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தொழில் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது, எண்ணெய் எல்லாம் எங்கள் மேல்தான் இருக்கும். வண்டி வந்தால் உடனே தொட மாட்டார். இரண்டு சுற்றுச் சுற்றி வருவார், டீ சொல்வார், பிறகு "யாருங்க ஓட்டப் போறது?" என்று கேட்பார். ஓட்டப் போகிறவரைக் காட்டினால் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். உதைத்துக் கிளப்புகிற வண்டிக்குக் கால்தானே முக்கியம். இஞ்சின் ஓடும்போது நீளமான திருப்புளியின் முனையை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அப்போது யாரும் பேசக் கூடாது. டீக்காரர்கூட கிளாசைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார்.

அவர் பேச்சுக்கு அர்த்தம் தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. "பாக்கலாமுங்க" என்றால் செய்ய மாட்டார். "செஞ்சரலாமுங்க" என்றால் செய்வார், ஆனால் எப்போது என்று கேட்கக் கூடாது. "அது ஒண்ணும் பெரிய வேலையில்லீங்க" என்று சொல்லிவிட்டால், வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டியதுதான், இரண்டு மாதத்துக்கு வேறு வேலை இல்லை.

எங்கள் பட்டறை வேலையே இல்லாததைச் சேர்ப்பதுதான். ஒரு வண்டியின் உடம்பு கிடைக்கும், இஞ்சின் இருக்காது. இன்னொன்றின் இஞ்சின் கிடைக்கும், அதன் உடம்பு ஏதோ கிணற்று மேட்டில் துருப்பிடித்துப் போயிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். அது இதுக்குள் உட்காராது. உட்கார வைக்கத்தான் தட்டு. முதலில் அட்டையில் வெட்டிப் பார்க்க வேண்டும். தினசரி காலண்டரின் பின்னட்டைதான் அதற்குத் தோது. தாள் கிழித்து முடிந்ததும் ஊரில் இருக்கிற காலண்டர் அட்டையெல்லாம் என்னிடம் வந்துவிடும். ஆனால் எல்லா அட்டையிலும் சாமி படம் இருக்கும். சாமி முகத்தில் ஓட்டை விழாமல் வெட்டுவது எப்படி என்பது எனக்கு மட்டும் தெரிந்த வித்தை. முருகனின் மயிலில் நிறைய போல்ட் ஓட்டை விழுந்திருக்கிறது. அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அட்டை சரியானால் நூல் பிடிக்க வேண்டும். இஞ்சின் பக்கத்துப் பல் சக்கரமும் பின் சக்கரத்துப் பல் சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயின் அறுந்துவிடும். நான் பாவு நூலைச் சுண்ணாம்பில் நனைத்து இழுத்துப் பிடித்துப் பார்ப்பேன். இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்தவர்களுக்கு நேராகத் தெரிந்தது எனக்குக் கோணலாகத் தெரிந்தது. தறியில் உட்கார்ந்த கண். இரண்டு தடவை நான் சொன்னது சரியாகிவிட்டது. அதன் பிறகு தட்டு, நூல், வெட்டு மூன்றும் என் வேலை என்றாகிவிட்டது. கழுவுகிற வேலையும் என்னிடமே இருந்தது. அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். அவருக்கு எல்லாமே அசலாக இருக்க வேண்டும். ஐந்து வண்டியிலிருந்து எடுத்து ஒரு கறுப்பு வண்டி கட்டிக் கொடுத்தோம். வாங்க வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மேஸ்திரி, எல்லாம் ஒரிஜினல்தானே?"

"ஆமாங்க. ஒண்ணுகூட டூப்ளிகேட் கெடையாதுங்க."

டாக்டர் சந்தோஷமாகப் போனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஏனுங்க, இப்படிச் சொல்லீட்டீங்க?" என்றேன்.

"பொய்யா சொன்னேன்? ஒவ்வொரு சாமானும் ஏதோ ஒரு வண்டிக்கு ஒரிஜினல்தானுங்களே அம்மணி."

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் குட்டி யானை என்று சொல்கிற சின்ன சரக்கு வண்டி ஒன்று பட்டறை முன்னால் நின்றது. புதன்சந்தைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒருவர் இருந்தார். பின்னால் சாமானோடு ஒருவர் நின்றிருந்தார். அண்ணன் தம்பி. அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் சொல்கிறேன். இரண்டு பேரும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லையாம். ஆனால் தனித்தனியாக வண்டி பிடிப்பது வீண் செலவு என்று ஒரே வண்டியில் வந்துவிட்டார்கள்.

அவர்களுடைய அப்பா இறந்துபோய் பாகம் பிரித்திருந்தார்கள். நிலம், கிணற்றுத் தண்ணீர் முறை, தென்னை மரம், வெண்கல அண்டா எல்லாம் பிரித்தாகிவிட்டது. அப்பா நாற்பது வருஷம் ஓட்டிய பச்சை மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் மிச்சம். அதையும் பிரித்தார்கள். இஞ்சின் பெரியவருக்கு, பாடி சின்னவருக்கு. பத்திரத் தாளில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெட்ரோல் டேங்க் பாடியைச் சேர்ந்தது என்று சின்னவரிடம் போனது. டேங்கில் இருந்த பெட்ரோல் இஞ்சினைச் சேர்ந்தது என்று பெரியவர் கேனில் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் கேட்டது, அப்பாவின் இஞ்சினுக்கு வேறொரு பாடி. சின்னவர் கேட்டது, அப்பாவின் பாடிக்கு வேறொரு இஞ்சின், அதுவும் டீசல் இஞ்சின். இரண்டு பேருக்கும் தன்னுடையதுதான் அப்பா வண்டி.

மேஸ்திரி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "செஞ்சரலாமுங்க" என்றார். பிறகு சாக்கிலிருந்து உருண்டையாக ஒன்றை வெளியே எடுத்தார். "இது யாருதுங்க?"

அது கியர் பாக்ஸ். இப்போதைய வண்டியில் இஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். அந்தக் காலத்து வண்டியில் கியர் பாக்ஸ் தனி, இஞ்சினுக்குப் பின்னால் தனியாகப் பூட்டியிருக்கும். பாகம் பிரித்தவர்களுக்கு அது தெரியவில்லை. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பாடியிலதானுங்க பூட்டியிருந்துச்சு. அப்ப அது பாடி" என்றார் சின்னவர்.

"இஞ்சின் சுத்தாம அது சுத்துமான்னு கேளுங்க மேஸ்திரி" என்றார் பெரியவர். தம்பி மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தார்.

"பாடி இல்லாம எங்க உக்காந்துக்கிட்டு சுத்துமாம்? கேட்டுச் சொல்லுங்க."

மேஸ்திரி இரண்டு பேரையும் பார்த்தார். "மொதல்ல அம்மணி அதைக் கழுவட்டுமுங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்று என் சட்டியில் போட்டுவிட்டார்.

கழுவினேன். முடிவு வரவில்லை. மறுபடி கழுவினேன். அந்த மாதத்தில் அதை மூன்று தடவை கழுவியிருப்பேன். அதைப்போல் சுத்தமான கியர் பாக்ஸ் சேலம் ஜில்லாவில் இருந்திருக்காது.

அதற்குள் மற்ற வேலை நடந்தது. சின்னவருக்கான டீசல் இஞ்சின் அகலம். அப்பாவின் பாடிக்குள் அது இறங்க வேண்டுமானால், முன்னால் கீழே இறங்குகிற குழாயின் அடியில் இஞ்சினைப் பிடிக்கிற காது இடித்தது. அட்டை வெட்டிப் பார்த்தேன், இடித்தது. இன்னொரு அட்டை வெட்டிப் பார்த்தேன், இடித்தது. காதோடு சேர்த்துக் குழாயில் இரண்டு அங்குலம் எடுத்தால்தான் ஆகும். கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் குழாய் வளையும் என்பதால் ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். மேஸ்திரி மூன்று தடவை கோடு போட்டுப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். ஒரு புதன்கிழமை அறுத்தேன். வெட்டு நேராக வந்தது. அறுபட்ட துண்டை எடுத்து வைக்கும்போது நல்ல வேலை செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஒரு பெண் வந்தாள்.

பஸ்சில் வந்து இறங்கி, ஒரு அட்டைத் தட்டு நிறைய முட்டையைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்து வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேர் சரசு. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவள், எருமப்பட்டியில் கட்டிக் கொடுத்து அங்கே கோழிப் பண்ணை வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தி இருப்பதாக இரண்டு பேரும் எங்களிடம் சொல்லவே இல்லை.

"முட்டை எல்லாருக்குமுங்க" என்று மேசையில் வைத்தாள். பிறகு பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தாள். வண்டி அப்பா பேரில் இருந்ததால், அவர் இறந்த பிறகு பேர் மாற்ற வேண்டுமானால் மற்ற பிள்ளைகளும் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் ஒரு தாளும் தம்பி ஒரு தாளும் அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டிலும் ஒரே வண்டி நம்பர்.

"நெலத்துப் பத்திரம் பன்னெண்டு பக்கமுங்க. இங்கன இங்கனன்னு வெரலைக் காட்டுனாங்க, போட்டுட்டேன். எனக்கு வேண்டாமுன்னுதான் போட்டேன், அதுல ஒண்ணுமில்லீங்க. இது ஒரு பக்கந்தான். அதனால படிச்சுப் பாத்துட்டேன்" என்றாள். "எங்கப்பா வண்டி எதுங்க?"

மேஸ்திரி திருப்புளியை இந்தப் பக்கம் ஸ்டாண்டில் இருந்த இஞ்சினைப் பார்த்து நீட்டினார். பிறகு அந்தப் பக்கம் கயிற்றில் தொங்கிய பாடியைப் பார்த்து நீட்டினார். கடைசியில் என் மடிக்கு முன்னால் இருந்த சட்டியைப் பார்த்து நீட்டினார்.

அவள் என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "இது என்னங்க?"

"கியருங்க அம்மணி."

"இது யாரு பங்கு?"

"இன்னும் முடிவாகலீங்க" என்றேன். அது உண்மைதானே.

"அப்பச் சரி. இது எம்பங்கு."

ஒரு தீவனச் சாக்கு கேட்டாள். மேஸ்திரி எடுத்துக் கொடுத்தார். நான் ஈரத்தைத் துடைத்துக் கொடுத்தேன். அவள் அதைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள்.

"ஏனம்மணி, இதை வெச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

"ஒண்ணும் பண்ண மாட்டனுங்க. இது இல்லாம ரெண்டு வண்டியும் ஓடாதில்லீங்களா?" பிறகு சாக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "எங்கப்பா ஞாயித்துக்கெழமையானா இந்த வண்டியில எங்க ஊட்டுக்கு வந்துருவாருங்க. பதினேழு வருசம். எல்லையில சத்தம் கேட்டாலே நாங் கொழம்பைக் கூட்டி வெச்சுருவேன். அவரு போயி பத்து மாசமாச்சு. அண்ணனும் வரல, தம்பியும் வரல. நெலம் பிரிச்சாச்சு, கெணறு பிரிச்சாச்சு. இதையும் பிரிச்சுட்டா ஒருத்தனுக்கு ஒருத்தன் என்ன சோலி இருக்குது? எங்க ஊட்டுப் பக்கம் ஒறம்பரைன்னு வாரதுக்கு அவனுகளுக்கு என்ன இருக்குது? ஒண்ணாப் பூட்டுங்க மேஸ்திரி. ஒரே வண்டியா ஓட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. அன்னைக்கிக் கையெழுத்துப் போடறேன்."

சொல்லிவிட்டு மேலே பார்த்தாள். கயிற்றில் தொங்கிய பாடியின் அடிப்பக்கம் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. நான் அறுத்த இடம் புது இரும்பாகப் பளபளவென்று இருந்தது. நான் எழுந்து அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன். என் உயரத்துக்கு அது முழுக்க மறையவில்லை. அவள் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள்.

"நாம்ப மூணு வண்டி கட்டோணுமாட்ட இருக்குது" என்றார் மேஸ்திரி. சிரிக்கவில்லை.

அண்ணனும் தம்பியும் தனித்தனியாகப் போன் செய்தார்கள். மேஸ்திரி அவள் கேட்டதைச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். அவள் கிடக்கிறாள், வேறு கியர் பாக்ஸ் போடுங்கள்.

"அந்த மாடலுக்குக் கெடைக்காதுங்க" என்றார் மேஸ்திரி. "தேடுனா ஆறு மாசம் ஆகும். கெடைச்சாலும் சொல்ல முடியாதுங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அலமாரியின் மேல் தட்டில் அதே மாடல் கியர் பாக்ஸ் இரண்டு இருந்தன. நானே கழுவி வைத்தவை.

"அம்மணி, அதுக மேல ஒரு சாக்கைப் போடுங்க."

போட்டேன். அவர் அந்தப் பெண்ணுக்காக அப்படிச் சொன்னாரா, மூன்று வண்டி கட்டுவதைவிட ஒரு வண்டி கட்டுவது சுலபம் என்று சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டிருந்தாலும் "பாக்கலாமுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

இரண்டு மாதம் போயிற்று. அவர்களுக்குக் கியர் பாக்ஸும் கிடைக்கவில்லை, சரசுவின் கையெழுத்தும் கிடைக்கவில்லை. ஒரு நாள் மறுபடியும் அதே குட்டி யானையில் இரண்டு பேரும் வந்தார்கள். இந்தத் தடவை இரண்டு பேருமே முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சமாதானம் என்று நினைத்துவிட வேண்டாம், அன்றைக்கு மழை.

"சரிங்க, ஒண்ணாவே பூட்டிருங்க" என்றார் பெரியவர். "எங்கப்பன் வண்டி எப்படி இருந்துச்சோ அப்பிடி இருக்கோணும்."

"ஒரு இஞ்சு மாறக்கூடாதுங்க" என்றார் சின்னவர். அந்தப் பாடியில் டீசல் இஞ்சின் கேட்டவர் அவர்தான்.

"அது ஒண்ணும் பெரிய வேலையில்லீங்க" என்றார் மேஸ்திரி.

வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு மேஸ்திரி சொன்னார், "அறுத்த சமாச்சாரம் அவுங்களுக்குத் தெரிய வேண்டாம். பூட்டி, பூசி, பச்சை அடிச்சுட்டா ஆரு கண்டா?"

நான் அறுத்தது அவர் சொல்லித்தான். அவர் சொன்னது சின்னவர் கேட்டுத்தான். ஆனாலும் ரம்பம் பிடித்தது என் கை. அறுபட்ட துண்டை நான் தூக்கிப் போடவில்லை, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்தேன். குழாயின் உள் விட்டத்துக்குச் சரியாக ஒரு சின்னக் குழாய் கடைசலில் போட்டு வாங்கினோம். அதை உள்ளே பாதி இறக்கி, துண்டை அதில் செருகி, மேலும் கீழும் சேர்த்துப் பிடித்து, நூல் இழுத்துப் பார்த்தேன். ரம்பத்தின் வாய் தின்ற இரும்பு மட்டும் இல்லை. அந்த இடைவெளியை மெல்லிய தகட்டு வளையம் போட்டு நிரப்பினேன். மேஸ்திரி கேஸ் பற்றவைத்தார். ஒரே பக்கம் சுட்டால் இழுத்துக்கொண்டுவிடும் என்று இங்கே ஒரு பொட்டு, எதிரே ஒரு பொட்டு, ஆறவிட்டு மறுபடி ஒரு பொட்டு. ஒவ்வொரு பொட்டுக்கும் நூல் பிடித்தேன். பொட்டு வைத்து முடிக்கவே ஒரு நாள் ஆனது. பிறகு அரம். அரம் போட்டு நான் வழித்த வழிப்பில், விரல் வைத்தாலும் தெரியாது என்றார் மேஸ்திரி. என் விரலுக்குத் தெரிந்தது.

சரசுவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவள் சாக்கோடு வந்தாள். கியர் பாக்ஸ் அவள் கொண்டுபோனபடியே இருந்தது, உள்ளே கொஞ்சம் கோழித் தீவனம் மட்டும் இருந்தது. நாலாம் தடவை கழுவினேன். அண்ணனும் தம்பியும் பார்த்துக்கொண்டு நிற்க, மூன்று பேருடைய பங்கையும் சேர்த்துப் பூட்டினோம். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பெரியவர் உதைத்தார், கிளம்பவில்லை. சின்னவர் உதைத்தார், வண்டி திருப்பி உதைத்தது. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், "அந்த வால்வு கம்பியைப் பிடிக்காம என்ன வேடிக்கை பாக்கறே?" என்று அண்ணனைக் கேட்டார். ஒரு வருஷத்தில் நேராகப் பேசின முதல் பேச்சு அதுதான். உதைக்கும்போது இஞ்சினின் அழுத்தத்தைக் குறைக்கிற கம்பி அது, கைப்பிடியில் இருக்கும். பெரியவர் அதை அமுக்கிப் பிடித்தார், சின்னவர் உதைத்தார். கிளம்பியது.

மேஸ்திரி திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டார். தலையை ஆட்டினார்.

பெரியவர் சரசுவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அஸ்தம்பட்டி வரை போய்த் திரும்பினார். அவள் இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டே, "எடது பக்கமா லேசா இழுக்குதுங்க" என்றாள்.

"அப்பன் காலத்துலயே அப்பிடித்தான்" என்றார் பெரியவர்.

"ஆமாமா, எப்பவும் இழுக்கும்" என்றார் சின்னவர். அண்ணன் சொன்னதைத் தம்பி ஒத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் தப்பான விஷயத்துக்கு.

"இழுக்காது" என்றாள் சரசு. "நாங் கண்ணாலம் ஆகறவரைக்கும் இதுலதான் பள்ளிக்கூடம் போனேன், சந்தைக்குப் போனேன்."

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "நாந்தானுங்க அறுத்தேன். நீங்க வாரதுக்கு மொத நாளு. முன் கொழாயில ரெண்டு அங்குலம். மறுபடி ஒட்டியிருக்குது. எப்படி இருந்துச்சோ அப்படியே இல்லீங்க."

மேஸ்திரி திருப்புளியைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் அதைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

சரசு குனிந்து குழாயின் அடியில் விரலை ஓட்டினாள். "அன்னைக்கு நீங்க குறுக்க வந்து நிக்கையிலயே பாத்தனுங்க" என்றாள். "ஒட்டுனதும் நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"உட்டுப்போகாதில்ல?"

"போகாதுங்க."

"அப்பறம் என்னங்க. எம் பொறப்புக ரெண்டும் இந்த அளவுக்கு ஒட்டுனாப் போதும்."

பேனாவை எடுத்தாள். அப்போதுதான் அடுத்த தகராறு வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு பேர்தான் வரும். பெரியவர் பேரில் போட சின்னவர் ஒத்துக்கொள்ளவில்லை, சின்னவர் பேரில் போடப் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. டீ வந்தது, போனது. கடைசியில் பெரியவர், "அவம் பேர்ல போடறதுக்கு அந்தப் புள்ள பேர்லயே போட்டுத் தொலைங்க" என்றார். சின்னவரும் அதையே சொன்னார். கையெழுத்துப் போட வந்தவள் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

போகும்போது மேஸ்திரியிடம், ஒன்றும் தெரியாத மாதிரி கேட்டாள். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே. சும்மா நிறுத்தி வெச்சா கெட்டுப்போயிருமுங்களா?"

மேஸ்திரி அண்ணனையும் தம்பியையும் ஒரு பார்வை பார்த்தார். கால்களைத்தான் பார்த்தார். "வாரத்துக்கு ஒருக்கா உதைச்சுக் கெளப்பி உடோணுமுங்க. இல்லீன்னா இஞ்சின் இறுகிப்போகும். ஒருத்தரால ஆகாதுங்க. ஒருத்தரு கம்பியைப் பிடிக்கோணும், ஒருத்தரு உதைக்கோணும்."

நல்ல ஆயில் ஊற்றி வைத்தால் மூன்று மாதம் ஓட்டாமல் கிடந்தாலும் இறுகாத இஞ்சின் அது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்னால் பேச முடியும்.

மேஸ்திரி இப்போது இல்லை. அந்தப் பச்சை வண்டியை உங்கள் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சேலத்தில் நீங்கள் நடத்திய காட்சியில், பாகம் மாறாத, கைபடாத வண்டி என்று பரிசு கொடுத்தீர்களே, அதுதான். நடுவராக வந்தவர் டார்ச் அடித்து, கண்ணாடியைக் கீழே நீட்டிப் பார்த்துவிட்டு, வெல்டிங் படாத இப்படி ஒரு குழாயை நான் பார்த்ததில்லை என்று மைக்கில் சொன்னார். நான் கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தேன். என் வேலையை யாராவது மைக்கில் பாராட்டியது அது ஒரு தடவைதான்.

இதை எழுதலாமா என்று சரசுவிடம் கேட்டேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். நீங்கள் கொடுத்த பரிசுக் கோப்பையில் முட்டை போட்டு வைத்திருக்கிறாளாம், வேண்டுமானால் வந்து திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

நான் அறுத்தது இரண்டு அங்குலமா, இரண்டேகாலா என்று சந்தேகமாக இருக்கிறது. கடைசிப் பொட்டு எந்தப் பக்கம் வைத்தோம் என்பதும் நினைவில்லை. தப்பாக அச்சாகிவிடக் கூடாது. மலர்க் குழுவில் யாராவது எருமப்பட்டிக்குப் போய் விரல் வைத்துப் பார்த்துத் திருத்திவிட்டால் நல்லது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். வண்டியைச் சாய்த்துப் பிடித்தால்தான் அடிக்குழாய் தெரியும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு அங்கே இரண்டு பேர் இருப்பார்கள்.